சாம்பிள் வெட்டி வைக்காத சிவப்பு

நாச்சிமுத்து திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் முப்பத்தொரு வருடம் நிறம் பார்த்தவர். வெளிநாட்டிலிருந்து வரும் துணித்துண்டைப் பார்த்து, அதே நிறத்தைச் சாயத்தில் கொண்டுவருவது அவர் வேலை. எந்த நிறத்தையும் தனியாகத்தான் பார்ப்பார். சாம்பல் நிற அட்டை ஒன்றில் சதுரமாக ஓர் ஓட்டை வெட்டி வைத்திருந்தார். துணிமேல் அதை வைத்து ஓட்டை வழியாகப் பார்ப்பார். பக்கத்து நிறம் கண்ணில் படக் கூடாது. ஓய்வு பெற்ற பிறகும் அந்த அட்டை சட்டைப் பையிலேயே இருந்தது.

மனைவி மயிலாத்தாள் இறந்த ஐந்தாம் மாதம் அவர் ஹபீபாவிடம் தையல் கற்கப் போனார். ஹபீபாவுக்கு நாற்பது வயதிருக்கும். துண்டுத் துணிகளைச் சேர்த்துப் படம் வரைவதுபோலப் போர்வை தைப்பவர். சனிக்கிழமைகளில் தன் வீட்டு மாடியில் ஏழெட்டுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அங்கே போன ஆண் நாச்சிமுத்து ஒருவர்தான்.

"எதுக்குங்க ஐயா போர்வை? போத்திக்கவா, பாக்கவா?" என்று ஹபீபா கேட்டார்.

"பாக்கோணுங்க அம்மணி. நடுவுல ஒரே ஒரு செவப்பு. அத இன்னொருக்கா பாத்தாப் போதும்."

"என்ன சிவப்பு?"

"அவளோட கூறைச்சேலைங்க. கடைசியா அதத்தான் கட்டி அனுப்போணும்னு சொல்லியிருந்தா. நானே பொட்டியத் திறந்து எடுத்துக் குடுத்தேன். அவளோடயே எரிஞ்சுபோச்சு."

"கல்யாண ஃபோட்டோ?"

"கருப்பு வெள்ளைங்க."

நாச்சிமுத்து சட்டைப் பையிலிருந்த அட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"பட்டறையில எந்த லாட்டுக்கும் சாம்பிள் வெட்டி ஃபைல்ல ஒட்டாம விட்டதில்லீங்க. அந்தச் சேலையில ஒரு நூல் உருவி வெக்கத் தோணல, பாருங்க."

ஹபீபா ஊசியையும் நூலையும் கொடுத்து, கோக்கச் சொன்னார். அதற்கே அன்று மதியம் ஆகிவிட்டது.

மாடிச் சுவரில் வெள்ளை ஃபிளானல் துணி அடித்திருந்தது. வெட்டிய துண்டை அதன்மேல் வைத்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். ஊசி போடுமுன் எல்லோரும் அங்கே ஒட்டி, தள்ளி நின்று பார்த்து, மாற்றி மாற்றி வைப்பார்கள். நாச்சிமுத்து எதையும் ஒட்டவில்லை. பழைய பட்டறையில் கெஞ்சிக் கேட்டு, பட்டில் சாயம் ஏற்றி, வாரம் ஒரு துண்டு கொண்டுவந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் அட்டையை வைத்துப் பார்ப்பார்.

"இல்லீங்க. மஞ்சள் தூக்கலா இருக்குது."

அடுத்த வாரம்: "இல்லீங்க. இது ரத்தம்."

அதற்கடுத்த வாரம்: "செங்கல்."

ஒவ்வொன்றையும் கழிவுத்துணிக் கூடையில் போடுவார். போடுமுன் பின்பக்கத்தில் பேனாவால் நம்பர் எழுதுவார். அது பழக்கம்.

"அண்ணா, நாங்க போர்வை முடிச்சுப் பேத்திக்குக் குடுத்து, பேத்தி அத நனைச்சு, தொவச்சும் போட்டாச்சு. உங்களுது இன்னும் நடுவுலயே நிக்குது" என்றாள் கூடத் தையல் கற்கும் சுலோச்சனா. மாடியில் எல்லோரும் சிரித்தார்கள். நாச்சிமுத்துவும் சிரித்தார்.

பதினான்காவது துண்டைக் கூடையில் போட்ட அன்று அவர் போகாமல் நின்றார். பெண்கள் எல்லாம் இறங்கிப் போயிருந்தார்கள்.

"அம்மணி, எனக்குக் கண்ணு போயிருச்சா, நெனப்புப் போயிருச்சா? ரெண்டுல எது, சொல்லிருங்க."

"அவங்க கட்டின சேலையெல்லாம் கொண்டு வாங்க" என்றார் ஹபீபா.

அடுத்த சனிக்கிழமை ஆறு பட்டுச்சேலைகள் வந்தன. ஹபீபா ஒன்றை விரித்தார். மடிப்பு கத்திபோல நின்றது.

"இதெல்லாம் கட்டவே இல்லீங்களா?"

"கல்யாணங்காச்சிக்கு."

"மத்த நாள்ல?"

அதற்கடுத்த வாரம் பூனம் சேலைகளும், நைந்த பருத்திச் சேலைகளும் வந்தன. மாம்பழ மஞ்சள், வாடாமல்லி, வெங்காயத்தோல் நிறம். ஹபீபா ஒவ்வொன்றிலும் ஒரு கை அகலம் வெட்டிச் சுவரில் வைத்தார். நடுவில் சதுரமாக இடம் விட்டார். தள்ளி நின்று வெகுநேரம் பார்த்தார்.

"கடைசி எட்டு மாசம் படுக்கையில இருந்தாங்கன்னீங்க. அப்போ என்ன போட்டிருந்தாங்க?"

நாச்சிமுத்துவின் முகம் மாறியது.

"அது எதுக்குங்க?"

"கேட்டேன்."

"ஒரு நைட்டி. பச்சைனு வாங்குனது. டெட்டால்ல அலசி அலசிச் சாம்பலாப் போச்சு. அதெல்லாம் ஒரு நெறமுங்களா?" குரல் உயர்ந்தது. "அவ எங்கிட்ட வந்த நாளப் பாக்கோணும்னு நான் வந்தா, நீங்க அவ போன நாளக் கேக்கறீங்களே!"

ஹபீபா வெட்டுத்துணிகளைப் பொறுக்கி அடுக்கினார்.

மூன்று சனிக்கிழமைகள் அவர் வரவில்லை. நான்காவது வாரம், வகுப்பு முடிந்த பிறகு வந்தார். கையில், மயிலாத்தாள் இறந்த அன்று ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பை. அன்று போட்ட முடிச்சு அவிழ்க்காமல் அப்படியே இருந்தது.

"நீங்களே பிரிங்க அம்மணி."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கத்தரிக்கோல் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு சுவரில் துணியை அழுத்தும் சத்தம். கொஞ்ச நேரம் கூடையைக் கிளறும் சத்தம்.

"பாருங்க ஐயா."

திரும்பினார்.

நடுச்சதுரத்தைச் சுற்றி நைட்டியின் சாம்பல் பச்சை நான்கு பட்டைகளாக நின்றது. அதற்கு வெளியே சேலைகள். நடுவில், மணவறையில் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அதே சிவப்பு.

"இது எங்க கெடச்சுதுங்க?"

"நீங்க கொண்டுவந்ததுதான்."

அவர் அதை உரித்துப் புரட்டினார். பின்னால் அவர் கையெழுத்தில் மூன்று என்றிருந்தது. ஜன்னலுக்குக் கொண்டு போனார். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து வைத்துப் பார்த்தார்.

செங்கல்.

திரும்ப வந்து நடுவில் வைத்து அழுத்தினார். மயிலாத்தாள்.

மறுபடியும் உரித்தார். மறுபடியும் வைத்தார். அட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தரையில் வைத்தார்.

அவர் கை நைட்டித் துண்டின் மேல் போய் நின்றது.

"இத மட்டும் எடுத்துட்டு வேற ஏதாச்சும்..."

"எடுத்துப் பாருங்க."

நான்கு பட்டைகளையும் உரித்தார். நடுவிலிருந்த சிவப்பு, வாடாமல்லிக்கும் மஞ்சளுக்கும் நடுவே வெறும் செங்கலாக நின்றது.

பட்டைகளைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி சுவருக்கு முன்னால் நின்றார். டெட்டால் வாசனை இன்னும் இருந்தது.

"எட்டு மாசமும் சாமி, என்னையக் கொண்டுபோயிரு, கொண்டுபோயிருன்னு இதோடதாங்க கெடந்தா. இதப் போத்திக்கிட்டு நான் எப்படீங்க அம்மணி தூங்குவேன்?"

ஹபீபா ஊசியில் நூல் கோத்து அவரிடம் நீட்டினார்.

"போத்திக்கவான்னு முதல் நாளே கேட்டேனுங்க ஐயா. பாக்கணும்னு சொன்னீங்க."