கடைசி இரண்டு வளைவுகள்

சலேத்மேரிக்கு நாற்பத்தேழு வயது. அவளுடைய குரு மாதேஸ்வரிக்கு இருபத்தொன்பது. சிஷ்யை குருவை 'மாஸ்டர்' என்று கூப்பிடுவாள். குரு சிஷ்யையை 'அக்கா' என்பாள். இருவருக்கும் அதில் எந்தச் சங்கடமும் இருந்ததில்லை.

சலேத்மேரி சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தாள். இந்த வயதில் மலைச் சைக்கிளா என்று தெரிந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மாதேஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை. ஏற்காட்டுக் காட்டுத் தடங்களில் அவளை முதலில் நடக்கவிட்டாள். பிறகு வண்டியைத் தள்ளவிட்டாள். அதற்கப்புறம்தான் ஏறி உட்காரச் சொன்னாள்.

இரண்டு வருடம் போயிற்று.

அந்தச் செப்டம்பரில் சைக்கிள் சங்கம் பெண்களுக்கு ஒரு போட்டி வைத்தது. காபித் தோட்டத்துக்கு மேலே, அடர்ந்த மரங்களுக்குள் ஏறுகிற எட்டு கிலோமீட்டர் தடம். அந்த மாதத்தில் எந்த நாள் வேண்டுமானாலும் தனியாக ஏறலாம். சைக்கிளில் மாட்டிய ஜிபிஎஸ் கருவி, போன வழியையும் நேரத்தையும் பதிந்து சங்கத்துக்கு அனுப்பிவிடும். குறைந்த நேரத்தில் ஏறியவர் மாநிலப் போட்டிக்குப் போவார்.

சலேத்மேரி அந்த மாதத்தின் கடைசி நாளான ஞாயிற்றுக்கிழமை ஏறினாள். மறுநாள் காலை சங்கத்தின் செயலாளர் சம்சுதீன் போன் செய்தார்.

"மேடம், நாற்பத்தேழு நிமிஷம்! நீங்கதான் முதல். மாநிலப் போட்டிக்கு உங்க பேரை எழுதியாச்சு."

ஆஸ்பத்திரியே கைதட்டியது. பெரிய டாக்டர் வந்து கைகுலுக்கினார்.

மத்தியானம் சாப்பிடும்போதுதான் அவளுக்கு உறைத்தது. மேலே முடிவுக் கல்லைத் தொட்டதும் கைக்கடிகாரத்தைப் பார்த்திருந்தாள். ஐம்பத்தாறு நிமிடம் ஆகியிருந்தது.

போனில் வரைபடத்தைத் திறந்தாள். அந்தத் தடம் முடிவுக் கல்லுக்கு நேர் கீழே, சரிவில் முப்பது மீட்டர் தாழ்வாக ஒருமுறை கடந்து போகும். பிறகு இடப்பக்கம் விலகி, செங்குத்தான இரண்டு வளைவுகள் ஏறித்தான் கல்லுக்கு வந்து சேரும். அங்கே மரங்கள் வானத்தை முழுக்க மூடியிருந்தன. கருவிக்குச் சரியாக சிக்னல் கிடைக்கவில்லை. அவள் கீழே போய்க்கொண்டிருந்தபோதே அது பதிந்த கோடு சரிவில் நழுவி மேலே ஏறி, கல்லைத் தொட்டுவிட்டுத் திரும்பியிருந்தது. கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

சனிக்கிழமை காலை அவள் குருவிடம் வந்தாள். போனைக் காட்டினாள்.

"மாஸ்டர், மிஷின் தப்பாச் சொன்னா அது என் பொய்யா?"

மாதேஸ்வரி வரைபடத்தில் இருந்த கோட்டைப் பார்த்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"வண்டிய எடுங்கக்கா."

இருவரும் ஏறினார்கள். முந்தின நாள் மழையில் தடம் வழவழவென்று கிடந்தது. முடிவுக் கல்லுக்கு நேர் கீழே வந்ததும் மாதேஸ்வரி பிரேக் பிடித்தாள். வண்டியை மரத்தில் சாய்த்தாள். பையிலிருந்து கடலை உருண்டைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஒரு பாறையில் வசதியாக உட்கார்ந்தாள்.

"உக்காருங்கக்கா. முடிஞ்சுது."

"எது முடிஞ்சுது?"

"போட்டி. இங்கதான் முடியுது. கோடு அப்படித்தானே சொல்லுது?"

"இன்னும் ரெண்டு வளைவு இருக்கே மாஸ்டர்."

"அது கணக்குல இல்ல. சாப்பிட்டுக் கீழ இறங்கிடலாம்."

சலேத்மேரி நின்றுகொண்டே இருந்தாள். அவளுக்கு முகம் சிவந்தது.

"அந்த ரெண்டு வளைவுலதான் நான் செத்துப் பொழச்சேன்! இதுக்கு முன்ன ஒவ்வொரு தடவையும் இறங்கித் தள்ளிட்டுத்தான் போனேன். அன்னிக்கு ஒருநாள்தான் காலைத் தரையில வைக்கல. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு, இறங்கல. மேல போய்க் கத்தினேன். கேக்கறதுக்கு ஒரு ஆளு இல்ல."

"அப்படியா?" என்றாள் மாதேஸ்வரி. "நாற்பத்தேழு நிமிஷத்துல அது எதுவும் இல்லையேக்கா."

சலேத்மேரி தலைக்கவசத்தின் வாரை இழுத்து இறுக்கினாள். வண்டியில் ஏறி மிதித்தாள்.

முதல் வளைவில் பின்சக்கரம் ஒருமுறை வழுக்கியது. அவள் உடம்பை முன்னால் தள்ளி அதைப் பிடித்து நிறுத்தினாள். இரண்டாவது வளைவில் மூச்சு அடைத்தது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எந்தக் கருவியையும் பார்க்கவில்லை. கால் தரையில் படாமல் மேலே வந்து முடிவுக் கல்லின் மேல் கையை வைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது.

மேலே வெட்டவெளி. போனில் சிக்னல் இருந்தது. மூச்சு அடங்கும்வரைகூட அவள் காத்திருக்கவில்லை.

"சம்சுதீன் சார், என் நேரம் ஐம்பத்தாறு நிமிஷம். திருத்திடுங்க. அந்தக் கோடு கடைசியில தப்பாப் போயிருக்கு."

"மேடம், மிஷின் சொன்னதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? யாருமே கேள்வி கேக்கலையே."

"நான் கேக்கறேன் சார்."

அந்தப் பக்கம் தாளைப் புரட்டுவது கேட்டது.

"ஐம்பத்தாறுன்னா நீங்க ஒன்பதாவது. மாநிலப் போட்டிக்கு வேற பேரு போயிடும்."

"போகட்டும். என் பேருக்கு நேரா ஐம்பத்தாறுன்னு எழுதுங்க. மேல வரைக்கும் ஏறினாள்னு எழுதுங்க."

போனை வைத்தாள். முதுகு நிமிர்ந்திருந்தது.

அப்போதுதான் மாதேஸ்வரி மேலே வந்து சேர்ந்தாள். முழங்கால் வரைக்கும் சேறு. கைப்பிடியைப் பிடித்து வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தாள். கல்லின் பக்கத்தில் வண்டியைப் படுக்கப் போட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினாள்.

"ஒன்பதாவது மாஸ்டர்" என்றாள் சலேத்மேரி. "உங்க சிஷ்யைன்னு வெளிய சொல்லிக்க முடியாதபடி பண்ணிட்டேனா?"

மாதேஸ்வரி அவள் எதிரே வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ஆறு வருஷமா இந்த மலையில ஓட்டறேன். அந்த ரெண்டாவது வளைவுல இன்னிக்கு வரைக்கும் நான் இறங்காம வந்ததில்ல. உடம்ப எந்தப் பக்கம் சாய்ச்சீங்க? எனக்குச் சொல்லிக் குடுங்கக்கா."