முதுகு காட்டாத மயில்

ஒரு காட்டில் மழை பொய்த்துவிட்டது. குட்டைகள் எல்லாம் வெடித்துக் கிடந்தன. பாறைச் சாமிக்குப் பக்கத்துச் சுனையில் மட்டும்தான் தண்ணீர். பாறையை ஒரு சுற்றுச் சுற்றிக் கும்பிட்ட பிறகுதான் அதைக் குடிக்கலாம், அது அந்தக் காட்டு வழக்கம்.

அன்று விடிந்ததிலிருந்தே தாகத்தில் ஒரே தள்ளுமுள்ளு. பின்னங்கால் சூம்பிய முயலும் நாக்கு வறண்டு வரிசையில் நின்றது. பூசாரி மயில் அதைப் பார்த்துவிட்டது.

"ஏய் நொண்டி, வெளியே போ! உன் கால் போன பிறவிப் பாவம். நீ சுற்றினால் சாமி கோபித்துக்கொண்டு சுனையை வற்றவைத்துவிடும்!"

"ஐயையோ, சுனையுமா?" என்று பதறிய மிருகங்கள் முயலைப் பிடித்து வெளியே தள்ளின.

"தண்ணீர் குடிக்காவிட்டால் செத்துப்போவேன், பூசாரி ஐயா!" என்று கெஞ்சியது முயல்.

"நானும் இதே சாமியைத்தான் கும்பிடுகிறேன். என்னிடம் அப்படி ஒன்றும் சொல்லவில்லையே" என்றது கரடி. யார் காதில் விழுந்தது?

மயிலுக்கு ஏன் இத்தனை வெடுவெடுப்பு தெரியுமா, பிள்ளைகளே? அதற்குத் தோகை உதிரும் காலம். பின்பக்கம் மொட்டை! தண்ணீரில் தன் உருவத்தைப் பார்க்கவே அதற்கு வெறுப்பு. பாறையைச் சுற்றும்போது பூசாரிதான் முன்னால் போக வேண்டும். கூட்டத்துக்கு முன்னால் நடந்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே! "பூசாரி பக்தர்களுக்கு முதுகு காட்டக் கூடாது, சாமி உத்தரவு" என்று அளந்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்தபடி பின்புறமாகவே நடந்தது.

ஒதுங்கி நின்ற முயல் கத்தியது: "பூசாரி ஐயா, பின்னால் பள்ளம்!"

"வாயை மூடு, அபசகுனமே!" என்ற மயில், அடுத்த அடியில் கால் இடறி, முட்புதர்ப் பள்ளத்தில் குட்டிக்கரணம் அடித்துத் தலைகுப்புற விழுந்தது. மொட்டை வால் மேலே தெரிந்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

முயல் சிரிக்கவில்லை. நொண்டிக்கொண்டே வந்து, முட்கொடிகளைப் பல்லால் கடித்து வழி செய்தது.

"என்னைப் பார்க்காதே, போ!" என்று அழுதது மயில்.

"தோகை உதிர்ந்ததற்கா இந்தப் பாடு? எனக்கும் கால் இப்படித்தான். அதற்காக என்னை நானே வெறுத்துக்கொண்டு உட்காரவா முடியும்? சீக்கிரம் மேலே வாருங்கள், எனக்குத் தாகம் தாங்கவில்லை."

மயில் தட்டுத்தடுமாறி ஏறி வந்தது. "என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் உன்னைப் பார்க்கவும் பொறுக்கவில்லை. சாமி ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன்" என்றது.

"அவர் சொன்னார், சரி. பிடித்துத் தள்ளியது யார்?" என்று கேட்டது கரடி.

தள்ளிய மிருகங்கள் விலகி முயலுக்கு வழிவிட்டன.

முயல் பாறையைச் சுற்றிக் கும்பிட்டுவிட்டு, சுனையில் வாய் வைத்து மடக் மடக்கென்று குடித்தது. அது குடித்து முடிக்கும்வரை ஒருவரும் முண்டியடிக்கவில்லை.

நீதி: தன்னையே வெறுப்பவர்தான் பிறர் குறையைப் பழிக்கச் சாமியைத் துணைக்கு இழுப்பார்.