‘நான்’ என்ற சொல்லுக்குப் பிறகு

அன்று காலை வேதமாணிக்கம் ரஹ்மத் நிஷா டீச்சர் வீட்டுக்குப் போனது ஒரே ஒரு கேள்வி கேட்பதற்காக.

அவருக்கு வயது ஐம்பத்தொன்று. டீச்சருக்கு முப்பத்தெட்டு. ஸ்டோர் கீப்பராக இருந்த கம்பெனியை மூடிய பிறகு வேதமாணிக்கம் டீச்சரிடம்தான் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டார். போனில் மொழிபெயர்க்கும் தொழில். எங்கோ ஒரு வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு இங்கிலீஷ் தெரியாத தமிழர் ஒருவர் வந்தால், பாளையங்கோட்டையில் இவர் வீட்டுக்கு அழைப்பு வரும். டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்ல வேண்டும். நோயாளி சொல்வதை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். இரண்டு வருஷமாகச் செய்கிறார். டீச்சர் பதினாறு வருஷமாகச் செய்கிறார். இந்த அழைப்புகளை அனுப்புகிற ஏஜென்ஸியில் புதிதாகச் சேருகிறவர்களைப் பழக்குவதும் அவர்தான்.

"வாங்க சார். இந்நேரம் உங்களுக்கு டியூட்டி இருக்கும்லா?"

"லீவு சொல்லிட்டேன் டீச்சர். ஒரு சந்தேகம்."

"உக்காந்து கேளுங்க."

வேதமாணிக்கம் உட்கார்ந்தார்.

"பொய் சொல்லுத ஆளுக்கு எப்படி மொழிபெயர்க்க?"

டீச்சர் அவரைப் பார்த்தார்.

"யார் பொய் சொன்னாங்க?"

"பேரு ஊரு சொல்ல மாட்டேன்."

"சொல்லக் கூடாது. நடந்ததை மட்டும் சொல்லுங்க."

நடந்தது இரண்டு நாளைக்கு முன்பு. மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள் ஒரு பெண். எப்படி முறிந்தது என்று அங்கே நர்சுக்கும் ஒரு ஐயம். வீட்டு நிலவரம் விசாரிக்கிற அம்மாள் ஒருத்தியைக் கூட்டி வந்தார்கள். அந்த அம்மாள் கேட்கக் கேட்க, வேதமாணிக்கம் தமிழில் கேட்டார்.

"எப்படி முறிஞ்சதுன்னு கேட்டோம். வழுக்கி விழுந்தேன்னா. வீட்டுக்காரர் அடிப்பாரான்னு கேட்டோம். கைநீட்டினதே இல்லன்னா. சரி, அப்போ வீட்டுக்குப் போறீங்களான்னா, போகப் பயமா இருக்குங்கா. அடிக்காத புருஷன்கிட்ட என்ன பயம்? அந்த அம்மாளே குழம்பிட்டாங்க. மறுபடியும் கேக்கச் சொன்னாங்க. கேட்டேன். இந்தப் பொண்ணு அழுதா. இன்னைக்குள்ள பதில் வேணும், இல்லைன்னா வீட்டுக்கு அனுப்பிருவோம்னாங்க. அனுப்பிட்டாங்க."

"நீங்க என்ன நெனைக்கீங்க?"

"நாடகம் டீச்சர். அந்த நாட்டுல தங்குததுக்கு ஏதோ வழி பார்க்கா. ரெண்டு பக்கமும் பேசி வைக்கா. எத்தனை பேரைப் பார்த்துட்டேன், குரல்லயே தெரிஞ்சிரும்."

"உங்க குரல்ல அது தெரிஞ்சிருக்குமோ?"

வேதமாணிக்கத்துக்குச் சுருக்கென்றது. ஏஜென்ஸி சில அழைப்புகளை மட்டும் பதிவு செய்யும்; அவற்றை டீச்சர் போட்டுக் கேட்பதுண்டு. இந்த அழைப்பையும் கேட்டுவிட்டாரோ? தெரிந்துகொண்டேதான் தெரியாதவர் மாதிரி விசாரிக்கிறாரோ?

"ஏஜென்ஸியில உங்ககிட்ட ஏதும் சொன்னாங்களா டீச்சர்?"

"இல்லையே. நீங்க சொல்லித்தான் தெரியும்."

அவர் முழுசாக நம்பவில்லை.

டீச்சர் "வீட்டுக்குப் போய் நீங்க வேலை பார்க்கிற லேப்டாப்பையும் ஹெட்செட்டையும் எடுத்துட்டு வாங்க சார்" என்றார்.

"எதுக்கு?"

"கேள்விக்குப் பதில் வேண்டாமா?"

போகும்போதும் திரும்பி வரும்போதும் வேதமாணிக்கம் அதையே நினைத்தார். பரீட்சை வைக்கப்போகிறார். அப்படியென்றால் புகார் வந்திருக்கிறது. அந்தப் பெண் கொடுத்த புகாராகத்தான் இருக்கும். பொய் சொன்னதும் அவள், புகார் கொடுத்ததும் அவள்.

அவருடைய ஹெட்செட் வயர் இல்லாதது. ஆன்லைனில் தள்ளுபடியில் கிடைத்தது. பெட்டியில் அச்சடித்திருந்த கம்பெனிப் பெயரை அதற்கு முன்பு அவர் கேள்விப்பட்டதில்லை. ஆனால் காதில் வைத்தால் வைத்ததே தெரியாது, அவ்வளவு லேசு. அழைப்பின் நடுவிலேயே எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். ஏஜென்ஸியில் வயர் உள்ளதைத்தான் வாங்கச் சொன்னார்கள். யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று இதை வாங்கிக்கொண்டார்.

டீச்சர் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார்.

"நான் மாடிக்குப் போய் உங்களைக் கூப்பிடுதேன். நான்தான் நோயாளின்னு வச்சுக்கோங்க. பத்து வாக்கியம் சொல்லுவேன். ஒவ்வொண்ணையும் நீங்க போன்ல எப்படிச் சொல்லுவீங்களோ, அப்படியே இங்கிலீஷ்ல எழுதுங்க. கேக்கலைன்னா திரும்பச் சொல்லச் சொல்லலாம்."

அழைப்பு வந்தது. டீச்சரின் குரல் தெளிவாகத்தான் இருந்தது. களைத்துப்போன நோயாளி பேசுவது போல மெதுவாகப் பேசினார். வேதமாணிக்கம் எழுதினார். ஒரு இடத்திலும் பேனா நிற்கவில்லை. அடித்தல் திருத்தல் இல்லாமல் பத்து வரி. ஒரு முறைகூடத் திரும்பச் சொல்லச் சொல்லவில்லை.

டீச்சர் இறங்கி வந்தார். கையில் அந்தப் பத்து வாக்கியங்களையும் அவர் முன்பே எழுதி வைத்திருந்த தாள்.

"முதல் வாக்கியம், தலை சுத்துது. என்ன எழுதியிருக்கீங்க?"

"அதேதான்."

"ரெண்டாவது. சாப்பாட்டுக்கு அப்புறம் மாத்திரை போடணும்னு எனக்கு யாரும் சொல்லலை."

வேதமாணிக்கம் தன் தாளைப் பார்த்தார். சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை போடும்படி என்னிடம் சொல்லியிருந்தார்கள் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தார்.

"மூணு, நாலு சரியாத்தான் இருக்கும். அஞ்சாவது. சுகர் இருக்கும்னு டாக்டர் சந்தேகப்பட்டார், டெஸ்ட்ல இல்லை."

டெஸ்டில் உறுதியானது என்று எழுதியிருந்தார்.

"எட்டாவது. ஆபரேஷனுக்கு மகன் கையெழுத்துப் போட்டான், நான் சம்மதிக்கலை."

நானும் சம்மதித்தேன் என்று எழுதியிருந்தார்.

வேதமாணிக்கம் தாளைக் கீழே வைத்தார்.

"நீங்க இப்படிச் சொல்லலை டீச்சர்."

"சொன்னேன்."

"இல்லை. இப்போ மாத்திப் படிக்கீங்க. என்னை மடக்கணும்னே ஏதோ பண்ணுதீங்க. புகார் வந்திருந்தா நேரா சொல்லிருங்க."

டீச்சர் கோபப்படவில்லை. தன் செல்போனை எடுத்தார். மாடியில் பேசியதை அதில் பதிவு செய்து வைத்திருந்தார். எட்டாவது வாக்கியத்தைப் போட்டார். 'மகன் கையெழுத்துப் போட்டான், நான் சம்மதிக்கலை.' கடைசிச் சொல் தாழ்ந்துதான் இருந்தது. எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள், முடிக்கும்போது குரல் இறங்கிவிடும். ஆனால் கேட்டது.

வேதமாணிக்கம் அந்தப் பதிவைத் தன் ஹெட்செட்டில் போட்டுக் கேட்டார். 'மகன் கையெழுத்துப் போட்டான், நான்.' அத்தோடு நின்றது. இன்னொரு தடவை போட்டார். அதே இடத்தில் நின்றது. குரல் இறங்கியதும், பேச்சு முடிந்தது என்று நினைத்து அந்தக் கருவி தானாக வாயை மூடிக்கொள்கிறது.

வேதமாணிக்கத்துக்குப் பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது.

"ஹெட்செட்டா! சனியன், கடைசியில இதுதானா? நம்ம பாஷையில 'இல்லை'ங்கிறதே கடைசியிலதானே டீச்சர் வருது. அதைப் பூரா தின்னுட்டு இருந்திருக்கு. நான் என்ன செய்ய முடியும்? தப்பு எம்மேல இல்லை."

டீச்சர் அவருடைய தாளை எடுத்து அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"ஹெட்செட் தின்னது சரி. ஆனா உங்க தாள்ல காலி இடமே இல்லையே சார்."

வேதமாணிக்கம் தாளைப் பார்த்தார். பத்து வரி. பத்தும் முழு வரி. எழுத்து அச்சு மாதிரி இருந்தது.

வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை.

"அந்தப் பொண்ணு சொன்னது ஞாபகம் இருக்கா?" என்றார் டீச்சர்.

இருந்தது. பொய் என்று முடிவு கட்டிய பிறகு அந்தப் பேச்சை மனசுக்குள் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்திருந்தார்.

"நீங்க இங்கிலீஷ்ல சொன்னது வேண்டாம். அவங்க சொன்னது."

"அவர் கைநீட்டினதே இல்லன்னு நான்."

"நான்?"

"அவ்வளவுதான்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார்.

"வழுக்கி விழுந்தேன்னு சொன்னாங்களே?"

"வழுக்கி விழுந்தேன்னு அவர்தான்." அவர் மறுபடி ஓட்டிப் பார்த்தார். "அவர்தான்னு ஒரு சத்தம். அதோட நின்னுட்டு. அவர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்தார்னு சொல்ல வாராள்னு நெனைச்சேன்."

வேதமாணிக்கம் அந்த இரண்டு பாதி வாக்கியங்களையும் மனசுக்குள் முடித்துப் பார்த்தார்.

கைநீட்டினதே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். வழுக்கி விழுந்தேன்னு அவர்தான் சொல்லச் சொன்னார். கேட்காத சொற்கள் இப்போது தாமாக வந்து பொருந்தின. அழுதாளே, அதுவும் அந்த இடத்தில் பொருந்தியது. வேதமாணிக்கம் எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்தார்.

"டீச்சர், அவ சொன்னது இதுதான். அடிக்கான்னுதான் சொல்லியிருக்கா. நான்தான் பாவி, அவளை வீட்டுக்கு அனுப்பி வச்சுட்டேன். ஏஜென்ஸிக்குப் போன் போட்டு இப்பவே சொல்லிருதேன், அவ இப்படித்தான் சொன்னான்னு."

"இப்படித்தான் சொன்னாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

வேதமாணிக்கம் போனை எடுக்கப் போன கையை இழுத்துக்கொண்டார்.

"காலி இடத்தை இன்னொரு தடவை ரொப்பாதீங்க சார்."

வேதமாணிக்கம் போனை எடுத்தார். இந்த வேலை இல்லாவிட்டால் வேறு வேலை இல்லை என்பது அவருக்குத் தெரியும். டீச்சர் உள்ளே போய்விடுவார் என்று எதிர்பார்த்தார். போகவில்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

ஏஜென்ஸியில் எடுத்தவர் விவரம் கேட்டார். எந்த அழைப்பு, எந்தத் தேதி. பிறகு, நோயாளி உண்மையில் என்ன சொன்னார் என்று கேட்டார்.

"தெரியாது. இரண்டு பதில்களின் கடைசிப் பகுதி எனக்குக் கேட்கவில்லை. கேட்டது போலச் சொல்லிவிட்டேன்."

அழைப்பு கட் ஆகிவிட்டதோ என்று வேதமாணிக்கம் ஸ்கிரீனைப் பார்த்தார். ஆகவில்லை.

"அந்த வாக்கியத்தைத் திரும்பச் சொல்லுங்கள்" என்றார் ஏஜென்ஸிக்காரர். "பதிவு செய்ய வேண்டும்."

அவர் திரும்பச் சொன்னார்.

அந்த அழைப்பு பதிவானவற்றில் சேரவில்லை என்பதால் அன்றே ஆஸ்பத்திரிக்குத் தகவல் போனது. வேறு மொழிபெயர்ப்பாளரை வைத்து அந்தப் பெண்ணைத் திரும்ப விசாரிப்பார்கள் என்று சொன்னார்கள். விசாரித்து என்ன தெரிந்தது என்பதை அவரிடம் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. வேதமாணிக்கத்தை மூன்று வாரம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அவருடைய பழைய அழைப்புகள் சிலவற்றை எடுத்துப் போட்டுக் கேட்டார்கள். ஒவ்வொரு நாளும் மின்னஞ்சல் வரும்போது, வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டே திறந்தார்.

வேலை போகவில்லை. எச்சரிக்கைக் கடிதத்தோடு திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு மாதம் கழித்து டீச்சரைப் பார்க்க வந்தார். கொஞ்சம் மெலிந்திருந்தார்.

"வயர் உள்ளது வாங்கிட்டேன் டீச்சர்."

"நல்லா கேக்குதா?"

"கேக்குது. கேக்கலைன்னா திரும்பச் சொல்லச் சொல்லிருதேன். நேத்து ஒரு அழைப்புல நாலு தடவை சொல்லச் சொன்னேன். அந்த டாக்டருக்குக் கோவம் வந்துட்டு. உனக்குக் காது செவிடான்னு கேக்காத குறைதான்."

டீச்சர் சிரித்தார். டீ கொண்டு வந்து கொடுத்தார். வேதமாணிக்கம் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"இன்னும் என்ன சார்?"

"ஒண்ணுமில்லை."

"சொல்லுங்க."

"தப்பா நெனைக்கப்படாது டீச்சர். மனசுக்குள்ள கெடந்து அரிக்குது. நான் கேக்கலைங்கிறது நிஜம். ஒத்துக்கிட்டேன், தண்டனையும் வாங்கிட்டேன். ஆனா ஒண்ணு." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தப் பொண்ணு நிஜமாவே பொய் சொல்லியிருந்தா?"

டீச்சர் அந்தக் கேள்வியைத் தள்ளிவிடவில்லை. நிதானமாக யோசித்தார்.

"சொல்லியிருக்கலாம் சார்" என்றார். "அதைக்கூட நீங்க கேக்கலையே."