தாழிக்கு வெளியே போன சொல்

கல்லின் மேல் கல் அரைபடும் ஓசை. மாவாட்டும் ஓசை அல்ல. அதைவிட மெதுவானது, கனமானது. தாழியின் மூடி நகரும் ஓசை அது. பிற்காலத்தில் காட்டில் வாழ்ந்தபோதும், எங்கோ மலையில் ஒரு பாறை புரண்டால் போதும், ஊல்மாவுக்கு முதுகு மயிர் குத்திட்டு நிற்கும்.

அந்தக் காலத்தில், வாயில்லாப் பிராணி என்று ஒன்றுமே இல்லாத காலத்தில், ரோமாபுரிப் பிரபுக்களுக்கு ஒரு விசித்திரமான நாக்கு ருசி இருந்தது. எலியின் உடம்பும் அணிலின் வாலும் கொண்ட ஒரு சிறு பிராணி. பனிக்காலம் முழுக்கத் தூங்குவதால் தூங்கெலி என்று வைத்துக்கொள்வோம். அதைக் காட்டிலிருந்து பிடித்துவந்து பெரிய மண்தாழிக்குள் போடுவார்கள். அக்ரூட்டும் கஷ்கொட்டையும் கொட்டிக் கொழுக்க வைப்பார்கள். காற்றுக்குச் சில ஊசித்துளைகள் தவிர, தாழிக்கு ஒரே வாய். வெளிச்சம் பட்டால் ஓடியாடி மெலிந்துவிடும் என்று அந்த வாயையும் கல்லால் மூடி வைப்பார்கள்.

ஊல்மா அந்த இருட்டில் பிறந்தவள். அவள் தம்பி பீனோவும் அங்கேதான் பிறந்தான்.

அவ்வப்போது மூடி நகரும். ஒரு கை உள்ளே இறங்கும். தடவிப் பார்த்து, இருப்பதிலேயே கொழுத்ததைத் தூக்கிக்கொண்டு போகும். அப்படிப் போவதைத் தூங்கெலிகள் தங்கள் லத்தீன் மொழியில் 'எக்ஸிதுஸ்' என்றன. வெளியே போவது, அதற்குமேல் அந்தச் சொல்லில் ஒன்றுமில்லை. ஆனால் யாராவது போனால் எல்லோரும் தரையில் காலைத் தட்டி, "எக்ஸிதுஸ்! எக்ஸிதுஸ்!" என்று கூவுவார்கள். கூவப் பழக்கியவர் ரோபூர். தாழியிலேயே மூத்தவர், எலும்பும் தோலுமாக இருப்பவர். பெரியவர் என்றுதான் எல்லோரும் அவரை அழைப்பார்கள்.

தாழிவாய்க்கு நேர் கீழே எப்போதும் உட்கார்ந்திருப்பவன் கார்ப்போ. மூடி அசைந்ததும், "கை வருது, வழிவிடுங்க" என்று குரல் கொடுத்து ஒதுங்குவான். அவனுக்கு வேறு வேலை கிடையாது. வயிறுகளைத் தடவி, அடுத்தது யார் என்று சொல்பவன் கஸ்தானோ. அவன் சொன்னால் தப்பாது.

ஊல்மாவின் அம்மாவும் ஒருநாள் அப்படித்தான் போனாள். ஊல்மாவும் காலைத் தட்டிக் கூவினாள். மறுநாள் கொட்டை போட அந்தக் கை இறங்கியபோது, அதில் சாம்பல் வாசனை அடித்தது. தேன் வாசனை அடித்தது. இரண்டுக்கும் அடியில் அம்மாவின் வாசனை அடித்தது.

"பெரியவரே, கையில அம்மா வாசனை வருது."

"வராம இருக்குமா? உங்கம்மா இப்ப அந்தக் கை மேலதானே விளையாடிக்கிட்டிருப்பா! குடுத்துவெச்சவ."

"தேன் வாசனையும் வருது."

"அங்க தேன் குடுக்கிறாங்கன்னு அர்த்தம். நீ இங்க வெறும் கொட்டையைக் கடிச்சுக்கிட்டுக் கெட."

தாழியே சிரித்தது. ஊல்மா சிரிக்கவில்லை. அந்த வாசனையில் விளையாட்டு இல்லை. அதில் சூடு இருந்தது.

பீனோ அன்றிலிருந்து வெறி பிடித்தவன்போல் தின்னத் தொடங்கினான்.

"திங்காதடா."

"நீயும் தின்னுக்கா. ரெண்டு பேரும் அம்மாகிட்ட போயிடலாம்."

"அம்மா அங்க இல்லடா."

"பின்ன எங்க?"

தாழிக்குள் யாரும் செத்ததில்லை. சாகும் வயது வருமுன்பே கை வந்துவிடும். அதனால் சாவுக்கு அங்கே ஒரு சொல்லும் இல்லை. தான் நினைப்பதைச் சொல்லச் சொல் இல்லாமல் அவள் தம்பியின் முன்னால் கிடந்த கொட்டைகளைக் காலால் தள்ளிவிட்டாள். அவன் அழுதான்.

ரோபூர் வந்தார். "பாவம், பச்சப் பிள்ளை. என் பங்கையும் எடுத்துக்கோப்பா" என்று தன் கஷ்கொட்டையை உருட்டிவிட்டார். பெரியவர் மனசு யாருக்கு வரும் என்று எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள்.

ஊல்மாவுக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. இந்தக் கிழவர் யார் அழுதாலும் பங்கைக் கொடுப்பார். கொடுத்துக் கொடுத்தே மெலிந்திருக்கிறார். மெலிந்தவரைக் கை எடுக்காது.

"ஏன் பெரியவரே, வெளியே போறது அவ்வளவு பெருமைன்னா இத்தனை வருஷமா நீங்க ஏன் போகல?"

"உங்களையெல்லாம் வழியனுப்ப ஒருத்தர் வேணாமாம்மா?" என்றார் ரோபூர், குரல் தழுதழுக்க.

கஸ்தானோ பீனோவின் வயிற்றைத் தடவிப் பார்த்து, "அடுத்தது இவன்தான்" என்றான்.

மூடி நகர்ந்தது. "கை வருது, வழிவிடுங்க" என்றான் கார்ப்போ. ஊல்மா தம்பியின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டாள். கை அவளைத் தடவியது. விலா எலும்பு தட்டுப்பட்டதும், அழுகிய கொட்டையைத் தள்ளுவதுபோல் அவளை ஓரமாகத் தள்ளியது. பீனோ சிரித்துக்கொண்டே மேலே போனான். "அக்கா! எக்ஸிதுஸ்!" என்று அவன் கத்தியதும், அத்தனை கால்களும் தரையைத் தட்டின. அந்தச் சத்தத்தில் அவன் அதற்குப் பிறகு என்ன கத்தினான் என்பது கேட்கவில்லை.

மறுநாள் கை இறங்கியது. தேன். கசகசா. சாம்பல். பீனோ.

ஊல்மா அந்தக் கையின் மேல் பாய்ந்து ஏறினாள். தாழிக்குள் பிறந்த எந்தத் தூங்கெலியும் செய்யாததைச் செய்தாள். அந்தக் கட்டைவிரலில், எலும்பில் பல் இறங்கும்வரை, கடித்தாள். சமையற்காரன் அலறிக்கொண்டு கையை இழுத்தான். குறுகிய கழுத்தில் கை சிக்கிக்கொண்டது. அவன் உதறிய உதறலில் தாழி பலகையிலிருந்து சரிந்து, தரையில் விழுந்து சிதறியது.

வெளிச்சம் கண்ணைக் குத்தியது. கண் பழகியதும் எல்லோரும் பார்த்தார்கள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் தேன் சாடி, ஒரு வெள்ளித் தட்டு. சுவரில் ஓர் ஆணி. ஆணியில் ஒரு கொத்து வால்கள். கொத்தின் மேலே இருந்தது சின்னது, இன்னும் பிஞ்சு மயிர் உதிராதது.

தோட்டத்துக் கதவு திறந்திருந்தது. ஓடினார்கள். மலைமேல் ஒரு பெரிய மரத்தடிக்கு வந்துதான் மூச்சு விட்டார்கள்.

மூச்சு வந்ததும் ரோபூர் பேசினார். "பாத்தீங்களா? வெள்ளித் தட்டு! பெரிய மனுஷங்க சாப்பிடுற தட்டு! எத்தனை பேருக்குக் கிடைக்கும்? நான் சொன்னதுல என்ன தப்பு? எக்ஸிதுஸ்னா வெற்றிதான்."

அவரோடு ஒட்டி நின்ற சிலர் தலையாட்டினார்கள். ஆணியைப் பார்த்த அதே கண்கள். ஊல்மா ரோபூரின் முன்னால் போய் நின்றாள்.

"ஆணியில தொங்குனது யாரோட வாலு, பெரியவரே? பேரைச் சொல்லுங்க. உங்க கஷ்கொட்டையைத் தின்னு கொழுத்தவன் பேரைச் சொல்லுங்க!"

ரோபூர் மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"நீ ஏண்டா கார்ப்போ பேசாம நிக்கிற?"

"எனக்கு என்ன தெரியும்? எக்ஸிதுஸ்னா அந்த வாய்தான். நான் வழிவிட்டேன். போனவங்க எங்க போனாங்கன்னு பாக்கறது என் வேலை இல்ல."

"விலகி நின்னியே, அது ஒரு வேலையா?"

கஸ்தானோ தொண்டையைச் செருமினான். "ஆத்திரப்படாம யோசிம்மா. கொழுத்தவன் போனான், மெலிஞ்சவன் நின்னான். தின்னதுக்கு வந்த முடிவு அது. எக்ஸிதுஸ்னா முடிவு, அவ்வளவுதான். இதுல நல்லது கெட்டது எங்கே வந்துச்சு?"

ஊல்மா அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். கடிக்கலாம் போலிருந்தது. பல்லில் இன்னும் சமையற்காரன் ரத்தம் உப்புக் கரித்தது.

"எனக்கு அது சாவு" என்றாள். "எங்கம்மா செத்தா. என் தம்பி செத்தான். அதைச் சொல்ல எனக்கு வேற சொல்லு இல்லாமப் பண்ணீங்க. அதனால இந்தச் சொல்லையே எடுத்துக்கறேன். நீங்களும் ஆளுக்கு ஒரு அர்த்தமா எடுத்துக்கிட்டுப் போங்க. ஆனா இனிமே உங்க பேச்சு எனக்குப் புரியவே வேணாம். என் பேச்சு உங்களுக்கும் புரிய வேணாம்."

அங்கேயே பிரிந்தார்கள். ரோபூரும் அவர் கூட்டமும் மேற்கே, ஸ்பெயினை நோக்கிப் போனார்கள். கார்ப்போ ஒரு தானியக் கப்பலில் ஒளிந்து இங்கிலாந்துக்குப் போனான். கஸ்தானோ எங்கும் போகவில்லை, இத்தாலியிலேயே தங்கிவிட்டான். ஊல்மா பனிமலையைத் தாண்டி வடக்கே, ஜெர்மனிக் காடுகளுக்குப் போனாள். அந்தந்த நாட்டு மனிதர்கள் தங்கள் மரப்பொந்துகளில் கேட்ட பேச்சைத் தாங்களும் பேசக் கற்றார்கள்.

ஒரே தாயின் சொல்லை ஸ்பெயின்காரர் 'எக்ஸிதோ' என்று வெற்றிக்குச் சொல்வதும், இத்தாலியர் 'எஸிதோ' என்று முடிவுக்குச் சொல்வதும், ஆங்கிலேயர் 'எக்ஸிட்' என்று வெறும் வாசலுக்கு எழுதிவைப்பதும், நோயாளியின் மூச்சு நின்றதும் ஜெர்மன் மருத்துவர் 'எக்ஸிதுஸ்' என்று குறித்துக்கொள்வதும் அன்று முதல்தான். நம் ஊர் சினிமாக் கொட்டகை இருட்டில்கூடச் சிவப்பாக எரிகிறதே ஒரு பலகை, அது கார்ப்போவின் சொல். யார் போனாலும் அது வழிவிடும். எங்கே போகிறாய் என்று கேட்காது.

ஊல்மா அதற்குப் பிறகு ஒரே வாய் உள்ள எந்தப் பொந்திலும் தூங்கவில்லை. தாழிக்குள் இருந்தவரை எலும்பும் தோலுமாக இருந்த ரோபூர், வெளியே வந்த பிறகு நன்றாகக் கொழுத்தார். நிறைந்த வயதில், தூக்கத்திலேயே செத்தார்.