மூன்றாவது கார்டு

தென்காசியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த சிதம்பரநாதன் அண்ணாச்சிக்கு வாய்தான் விளம்பரம். கல்யாண வீடியோ எடுக்கிற இசக்கி வந்ததும், இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளை எடுத்து வைத்தார். "எட்டு ஜிபியை விட இந்தப் பன்னிரண்டு ஜிபி ரெண்டு மடங்கு வேகம். நானே மாட்டிக் காட்டுதேன், பாரும்!"

மாற்றி மாற்றி மாட்டினார். வேகம் பார்க்கப் போட்ட வீடியோ விளையாட்டு இரண்டிலும் நொடிக்கு இருபது படம்தான் ஓடியது.

அண்ணாச்சிக்குக் காது சிவந்துவிட்டது. கம்ப்யூட்டரின் பாகங்களைப் பூட்டித் தந்த கடைப்பெண் பூங்கோதை மேல் பாய்ந்தார். "ஏட்டி, என்னத்தைக் கெடுத்து வச்சே? இப்பவே வித்தியாசத்தைக் காட்டு. இல்லேன்னா நாளையிலேருந்து வராதே!"

வெளியாள் முன்னால் ஏச்சு வாங்கியது அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணாச்சி, இதே வேகத்துல மூணாவது ஒண்ணு இருக்கு. விலையே கிடையாது."

"எங்கே, காட்டு!"

அவள் கம்ப்யூட்டரை அணைத்து, கார்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, மறுபடி கம்ப்யூட்டரை ஆன் செய்தாள். கார்டே இல்லாமல் அதே இருபது ஓடியது.

"மானிட்டர் வயரை நீங்க கார்டுல செருகாம மதர்போர்டுல செருகிட்டீங்க. கம்ப்யூட்டர்லயே இருக்கிற சாதாரண கிராபிக்ஸ்தான் இவ்வளவு நேரமும் ஓடிச்சு. ரெண்டு கார்டும் சும்மாதான் உட்கார்ந்திருந்துச்சு."

கார்டுகளை ஒவ்வொன்றாக மாட்டி, வயரை அதில் செருகினாள். சின்னது அறுபது, பெரியது தொண்ணூறு.

"ஒண்ணரை மடங்குதானா? அப்போ சின்னதே போதும்," என்று சிரித்தான் இசக்கி. "மாட்டுறதுக்கு இந்த அக்காவையே அனுப்பும்!"

அண்ணாச்சி விழாத திருகாணி ஒன்றைத் தேடி மேசைக்கடியில் குனிந்தார். இசக்கி போகும்வரை நிமிரவே இல்லை.