மீன்கொத்தி எதைப் பார்க்கிறது?

சவரியம்மாளைக் கடைசியாக உயிரோடு பார்த்த அன்று, வைரவன் அவளைத் தள்ளி உட்காரச் சொன்னார்.

"அம்மா, ரெண்டே நிமிஷம். அந்தப் பக்கம் போயிடுங்க."

"எனக்கென்ன, போறேன். அதுக்குத்தான் பிடிக்காது."

"எதுக்கு?"

அவள் தலைக்கு மேலே கையைக் காட்டினாள்.

திருச்சியில் பொன்மலைக்குப் போகும் ரோட்டில் ஒரு பழைய நெல் கிட்டங்கி. அதன் பக்கச் சுவர் முழுக்க ஒரே ஒரு மீன்கொத்தி. அலகு முதல் வால் வரை இருபத்திரண்டு அடி. அதற்குக் கீழே இரண்டு செங்கல்லை அடுக்கிப் போட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அவித்த மரவள்ளிக்கிழங்கு விற்பாள் சவரியம்மாள்.

குண்டானைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். முட்டி இரண்டும் சத்தம் போட்டன. பத்தடி தள்ளிப் போய் நின்றாள்.

வைரவன் கேமராவில் கண்ணை வைத்துவிட்டு நிமிர்ந்தார். குண்டான் மூடி தரையில் கிடந்தது.

"அந்த மூடியும்மா."

வந்து அதையும் எடுத்துக்கொண்டு போனாள்.

"இன்னைக்காவது அசையாம நிக்குதா?"

"யாரு?"

"உங்க குருவிதான். வாரா வாரம் வந்து எடுக்குறீங்களே, அது அசைஞ்சு அசைஞ்சு படம் கெட்டுப்போகுதோன்னு நெனச்சேன்."

எதிரே இருந்த ஆட்டோ ஸ்டாண்டில் சிரித்தார்கள். வைரவன் சிரிக்கவில்லை. படம் எடுக்கும்போது அவர் சிரிப்பதில்லை.

எடுத்தார். படத்தில் சுவர் இருந்தது. பறவை இருந்தது. வேறு எதுவும் இல்லை.

அவருக்கு வேண்டியிருந்தது அதுதான்.

*

"டீச்சர், சுவர்ல அது பறக்கப் போற மாதிரி இருக்கு. என் படத்துல செத்துப்போகுது."

தில்ஷாத் டீச்சர் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார். மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியை. ஊரில் நாலு பேர் நின்று பார்க்கிற சுவர்களில் பாதி அவர் கைப்பட்டது. மீன்கொத்தியும் அவருடையதுதான். வயது முப்பத்தாறு.

வைரவனுக்கு அறுபத்தொன்று. பஸ் டிப்போவில் டயர் பிரிவில் இருந்தவர். ஓய்வு பெற்ற வாரமே கேமரா வாங்கினார். ஊரில் உள்ள சுவர் ஓவியம் ஒன்று விடாமல் எடுத்து வைத்துவிடுவது என்று தீர்மானம். வெயில் தின்னுமுன், கட்சிக்காரர்கள் மேலே எழுதுமுன்.

இரண்டு வருடமாக டீச்சரிடம் வந்துபோகிறார். கேமராவைப் பற்றி டீச்சர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. டீச்சருக்குக் கேமரா தெரியாது. வேறு யாரிடமும் போகவும் வைரவனுக்கு மனமில்லை.

டீச்சர் படத்தை ஈரக் கையாலேயே வாங்கினார்.

"அண்ணே, இந்தப் பறவை எவ்வளவு பெரிசு?"

"இருபத்திரண்டு அடி. வரைஞ்சது நீங்க, என்னைக் கேக்கறீங்க."

"நான் வரைஞ்சதைக் கேக்கல. இதுல உள்ளதைக் கேக்கறேன்."

வைரவன் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். படத்தில் இருந்தது ஒரு சாதாரண மீன்கொத்தி. கைக்குள் பொத்தி வைத்துக்கொள்ளலாம்.

"லென்ஸ் மாத்திப் பாக்கணும்," என்றார்.

"மாத்துங்க."

"இன்னொரு விஷயம். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்கண்ணே."

"மீன்கொத்தின்னா தண்ணியப் பாக்கணும். உங்களுது வெறும் தரையைப் பாத்துக்கிட்டு நிக்குது. கழுத்தைக் கொஞ்சம் நிமித்தி விட்டிருந்தா ஆகாசத்தைப் பாக்குற மாதிரி ஒரு கம்பீரம் வந்திருக்கும்."

டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை.

"எதைப் பாக்குதுன்னீங்க?"

"தரையை."

"இல்ல."

"பின்னே?"

"அது பாக்குற எடத்துல போய் உக்காருங்க. ஒரு காலைப்பொழுது முழுக்க. கேமரா வேண்டாம்."

அடுத்த பிரஷ்ஷைக் கையில் எடுத்தார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

*

வைரவன் போகவில்லை.

டீச்சர் அவரைவிட இருபத்தைந்து வயது சின்னவர். கிளாஸில் பெஞ்சு மேல் ஏறி நில் என்கிற மாதிரி அல்லவா சொல்லிவிட்டார்?

லென்ஸ் மாற்றினார். மற்ற சுவர்களுக்குப் போனார். மேம்பாலத் தூணில் சிலம்பம் சுற்றுகிற பெண். காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்னால் மலை உயரத்துக்கு ஒரு பூசணி. காம்பவுண்டுச் சுவர் நெடுக யானைக் கூட்டம். எல்லா இடத்திலும் கடைசி ஆள் விலகும்வரை நின்றார். நிற்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. யானைகளுக்கு மட்டும் ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றார்.

படங்களை வீட்டில் பரப்பி வைத்துப் பார்த்தார்.

யானைகள் எலி அளவில் இருந்தன.

மூன்றாம் வாரம் கேமராவை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, கிட்டங்கிச் சுவருக்குப் போனார்.

செங்கல் இரண்டும் இருந்தன. சவரியம்மாள் இல்லை. நல்லதாகப் போயிற்று என்று உட்கார்ந்தார்.

"சார், அது ஆள் உள்ள எடம்," என்றார் ஆட்டோக்காரர் ஒருவர்.

"வந்தா எழுந்துக்கறேன்."

"வராது சார். அடக்கம் பண்ணி இன்னையோட பதினேழு நாள்."

வைரவன் தரையில் கையை ஊன்றி எழப் பார்த்தார்.

"பரவால்ல, உக்காருங்க. காலியா கெடந்தா எங்களுக்கும் ஒரு மாதிரி இருக்கு."

உட்கார்ந்தார்.

சைக்கிளில் வந்த ஒருவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ரெண்டு துண்டு போடும்மா," என்று காலை ஊன்றினார். பிறகு பார்த்தார். மிதித்துக்கொண்டு போனார்.

பள்ளிக்கூட ஆயா ஒருத்தி நின்றாள். "எங்கய்யா அந்தம்மா?"

வைரவன் சொன்னார். அவளுக்குச் சொன்னதுபோல இன்னும் நான்கு பேருக்குச் சொன்னார். ஒவ்வொரு முறையும் வார்த்தை குறைந்துகொண்டே வந்தது.

வெயில் ஏறியது. கழுத்தைத் திருப்பி மேலே பார்த்தார்.

மீன்கொத்தி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கண் ஓர் ஆட்டோ டயர் அளவு இருந்தது. அலகு நேரே அவர் உச்சந்தலைக்குக் குறி வைத்திருந்தது. சிறகை ஒடுக்கி, கழுத்தைத் தாழ்த்தி, இதோ வந்துவிட்டேன் என்று நின்றது. டிப்போவில் முப்பது வருடம் இருந்தார். அவரை யாரும் இத்தனை அக்கறையாகப் பார்த்ததில்லை.

"அய்யா, போட்டோ எடுக்குறவரு நீங்கதானா?"

ஒரு பெண் நின்றிருந்தாள். ஆட்டோக்காரர் கை காட்டி அனுப்பியிருக்கிறார். பெயர் ஜெசிந்தா. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. சவரியம்மாளுக்கு ஒரே மகள்.

"எங்கம்மா படம் ஒண்ணுகூட இல்லய்யா. போனைத் தூக்கினாலே முந்தானையால மூஞ்சியை மூடிக்கும்."

"ஆதார் கார்டுல இருக்குமே?"

"அது எங்கம்மா இல்ல. போலீஸ்ல புடிச்சு நிறுத்தி வச்ச யாரோ ஒரு பொம்பள."

அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள்.

"முப்பதாம் நாள் பூசைக்கு இன்னும் பதிமூணு நாள் இருக்கு. வீட்டுல வச்சு மாலை போட ஒரு படம் வேணும். நீங்க இந்த எடத்தை வாரா வாரம் எடுப்பீங்களாமே. ஒண்ணே ஒண்ணுல இருந்தாப் போதும். ஓரமா இருந்தாலும் சரி."

வைரவன் எதையும் தயங்கிச் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

"இருக்கும்மா," என்றார். "தர்றேன்."

*

மீன்கொத்திப் படங்கள் இருநூற்றுப் பதினான்கு இருந்தன. இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தார்.

ஒன்றிலும் சவரியம்மாள் இல்லை. ஒரு கை இல்லை. ஒரு சேலை நுனி இல்லை. ஒரு படத்தில் குண்டானின் நிழல் மாதிரி ஏதோ தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தார். கரண்ட் கம்பத்தின் நிழல்.

அவர் வேலை அத்தனை சுத்தம்.

ஒரு படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு டீச்சரிடம் போனார்.

"ஒண்ணுல கூட இல்ல டீச்சர். நீங்க வரைஞ்சு குடுத்துடுங்க. அந்தம்மா முகம் உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியாம? இருபது நாள் சாரத்துல நின்னேன். இருபது நாளும் கெழங்கு குடுத்துச்சு. வேணாம்னா திட்டும்."

"அப்ப வரைங்க."

"வரைஞ்சாச்சு."

"எங்க?"

டீச்சர் அவர் கையில் இருந்த படத்தைக் காட்டினார்.

"இது சுவர்ல இருக்குற மாதிரியேவா இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு. கீழ ஒரு அழுக்கு இருந்துச்சு. அதை மட்டும் ஸ்டூடியோவுல சொல்லி அழிச்சுட்டேன். எல்லாப் படத்துலயும் அழிக்கச் சொல்லிடுவேன்."

"எங்க இருந்துச்சு அது?"

"கீழதான். தரைக்குக் கொஞ்சம் மேல. பறவை அலகுக்கு நேரா..."

நிறுத்தினார்.

டீச்சர் தண்ணீர் டப்பாவைக் கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அழுக்கு இல்லண்ணே. எண்ணெய். நான் அங்க போகுமுன்ன பத்து வருஷமா அந்தம்மா தலை சாஞ்ச எடம். மொதல்ல சுவர் முழுக்க வெள்ளை அடிச்சோம். மறுநாள் பாத்தா எண்ணெய் வெளிய வந்து நிக்குது. இன்னொரு கோட்டு அடிச்சோம். அதையும் தாண்டி வந்துடுச்சு. மூணாவது கோட்டுக்கு, வெள்ளை அடிக்க வந்தவரு பிரஷ்ஷைப் போட்டுட்டுப் போயிட்டாரு."

"அப்புறம்?"

"அதுவரைக்கும் அந்தச் சுவர்ல என்ன வரையறதுன்னே எனக்குத் தெரியல. அப்புறந்தான் கண்ணை எங்க வைக்கணும்னு தெரிஞ்சது."

வெளியே பள்ளிக்கூட மணி அடித்தது. பிள்ளைகள் ஓடினார்கள். சத்தம் அடங்கியது.

"டீச்சர், அந்தப் பொண்ணுகிட்ட படம் இருக்குன்னு சொல்லிட்டேனே."

"பொய்யா சொன்னீங்க?"

*

மறுநாள் காலை ஜெசிந்தாவைக் கிட்டங்கிச் சுவருக்கு வரச் சொன்னார்.

"படம் கொண்டுவந்தீங்களாய்யா?"

"இல்லம்மா. எங்கிட்ட உள்ள படம் எதுலயும் உங்கம்மா இல்ல. நான்தான் ஒவ்வொரு தடவையும் தள்ளிப் போகச் சொன்னேன். ரெண்டு வருஷமா, வாரா வாரம்."

ஜெசிந்தாவின் முகம் இறுகியது.

"எந்திரிச்சுதா?"

"எந்திரிச்சாங்க."

"அந்த முட்டியை வச்சுக்கிட்டா?"

"ஆமாம்மா."

அவர் தலையைக் குனியவில்லை. திட்டு வாங்கத்தான் வந்திருந்தார்.

"ஒண்ணும் சொல்லலயா உங்களை? எங்கம்மா யாரையும் சும்மா விடாதே."

"கடைசியா பாத்தப்போ, இன்னைக்காவது குருவி அசையாம நிக்குதான்னு கேட்டாங்க."

ஜெசிந்தா சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே வேறாகிவிட்டது. துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வைரவன் காத்திருந்தார். காத்திருப்பது அவருக்குத் தெரிந்த வேலை.

பிறகு, "இங்க வாம்மா," என்று செங்கல்லுக்குப் பக்கத்தில் குந்தினார். சுவரைக் காட்டினார்.

பழுப்பாக, வட்டமாக, வழவழப்பாக ஒரு கறை.

அவள் குனிந்து பார்த்தாள். உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். கையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள்.

"வெளக்கெண்ணெய்," என்றாள்.

அப்படியே செங்கல் மேல் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தாள். அம்மா பார்த்த ரோடு. பிறகு நிமிர்ந்து பறவையைப் பார்த்தாள்.

"இதை எடுங்கய்யா."

"கறையை மட்டுமா?"

"குருவியும் வரட்டும். அம்மாவைப் பாத்துக்கிட்டேதானே இருந்திருக்கு."

வைரவன் கேமராவை எடுத்தார். அவள் எழுந்தாள்.

"நான் தள்ளிக்கவா?"

"வேணாம்மா. உக்காரு."

ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போனார். எல்லாம் ஒன்றாக வர அவ்வளவு தூரம் போகவேண்டியிருந்தது. டவுன் பஸ் ஒன்று குறுக்கே போயிற்று. சைக்கிள்காரர் மறுபடி காலை ஊன்றி நின்று, ஜெசிந்தாவிடம் ஏதோ கேட்டார். ஆட்டோ ஒன்று பாதி ஃபிரேமுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

யாரையும் அவர் போகச் சொல்லவில்லை.

படத்தை முதலில் ஜெசிந்தாவிடம் கொடுத்தார். முப்பதாம் நாள் அதற்குத்தான் மாலை போட்டார்கள். துக்கம் கேட்க வந்த ஒருவர், உயிரோடு இருக்கிற பெண் படத்துக்கு மாலை போடலாமா என்று கேட்டார். "அவ இல்லண்ணே, அவளுக்குப் பக்கத்துல சுவர்ல பாருங்க," என்றார் ஆட்டோக்காரர்.

இன்னொரு பிரதியை டீச்சரிடம் கொண்டுபோனார்.

டீச்சர் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்கினார். வெகுநேரம் வைத்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

*

நான்கு வருடம் கழித்துக் கிட்டங்கி கைமாறியது. வாங்கியவர் சுவருக்கு மஞ்சள் அடிக்கச் சொன்னார். இரண்டு கோட்டு அடித்தார்கள்.

மீன்கொத்தி போய்விட்டது.

கறை இருக்கிறது. தரையிலிருந்து இரண்டே முக்கால் அடி உயரத்தில், ஓர் உள்ளங்கை அகலம்.