மகாராஜாவின் சாண்

ஏரிக்கரையெல்லாம் வெறும் மண்கரையாய் இருந்த காலத்திலே, கடம்பாடி நாட்டை வீரகங்கர் என்றொரு ராஜா ஆண்டார். நல்லவர்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி.

அங்கே மேலேரி நிரம்பினால் கீழேரி மதகைத் திறந்தாக வேண்டும். கீழேரி மதகுக்காரர் வேலாண்டியின் வயல் மதகை ஒட்டியே இருந்தது. ஆனால் ஊருக்கு ஊர் அவரவர் தலைவர் கையால்தான் தண்ணீரை அளந்தார்கள். "மேலே எட்டுச் சாண்" என்று சேதி வந்தால் பயப்படுவதா, படுத்துத் தூங்குவதா என்று வேலாண்டிக்குத் தெரியாது.

மந்திரி நக்கபிரான் சபையில் சொன்னார்: "எல்லா ஏரியிலும் ஒரே அளவைக் கல்லில் வெட்டுவோம், மகாராஜா. மேலே இந்தக் கோடு நனைந்தால் கீழே மதகைத் திற. ஒரே விதி, யாரையும் கேட்க வேண்டாம்."

மந்திரி பதவிமேல் கண்வைத்திருந்த மருதங்கிழார் சிரித்தார். "கல்லே உத்தரவு போட்டால் ராஜா எதற்கு?"

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "இனி என் சாணே அளவு. என் வாயே விதி," என்றார்.

"அப்படியே ஆகட்டும்," என்ற மந்திரி, அதையே தண்டோரா போட்டுவிட்டார்.

ஐப்பசி மழை பிடித்ததும் எல்லா ஏரியிலிருந்தும் ஆட்கள் ஓடிவந்தார்கள். "மகாராஜா, உங்க கையோட வாங்க, தண்ணிய அளக்கணும்." ராஜா ஏரி ஏரியாகப் போய், சேற்றில் குப்புறப் படுத்துச் சாண் போட்டார். மருதங்கிழார் குடை பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். கீழேரிக்குப் போனபோது கரை உடைந்து, வேலாண்டி வயலில் அறுக்க நின்ற நெல் தண்ணீருக்குள் கிடந்தது.

"ஏனய்யா திறக்கவில்லை?"

வேலாண்டி கோபமில்லாமல் சொன்னார்: "கை துடிச்சுது சாமி. உங்க சாண் வந்து சேரலியே."

ராஜா கூனிக் குறுகிப்போனார். முத்துமாலையைக் கழற்றி மந்திரியிடம் நீட்டினார். "நீர் சொன்னதே சரி."

மந்திரி வாங்கவில்லை. "உங்களுக்குப் புத்தி வரட்டும் என்றுதான் அப்படியே தண்டோரா போட்டேன், மகாராஜா. அதில் இவர் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டேன். எனக்கும் வெட்கமாக இருக்கிறது."

முத்துமாலை வேலாண்டிக்குப் போயிற்று. கோடை முடிவதற்குள் ஒவ்வோர் ஏரியிலும் அளவுக்கல் நட்டார்கள்.

மறு வருஷம் மழை கொட்டியபோது மருதங்கிழார் மூச்சிரைக்க வந்தார். "கேட்டீர்களா மகாராஜா? கீழேரி மதகை உங்களைக் கேட்காமலே திறந்துவிட்டார்களாம்."

ராஜா படித்துக்கொண்டிருந்த ஓலையிலிருந்து தலை நிமிரவில்லை. "கேட்டிருந்தால்தான் ஐயா எனக்கு வெட்கம்," என்றார்.